அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று: பரிசு வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கினாலே 'டீன் ஏஜ் பையன்களுக்கு என்ன வாங்கலாம்' என்ற பட்டியல்கள் வந்துவிடும். ஹெட்போன், பவர் பேங்க், கேம், டி-ஷர்ட். பொருள்களில் தவறில்லை. வாங்கியது 25-ஆம் தேதி காலையில் அந்தப் பையன் கையில் வேலை செய்யுமா, அளவு சரியாக இருக்குமா, கூடவே வேறு என்ன வாங்க வேண்டும் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. வீட்டில் 13 வயதில் ஒருவன், 16 வயதில் ஒருவன் என்று இருவர் இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். அக்காவோ அத்தையோ மாமாவோ, பரிசு வாங்கப் போகிற யாருக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அண்ணன் தம்பி என்றதும் ஒரே பொருளை இரண்டு நிறத்தில் வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். 'ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு' என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆனால் 13-க்கும் 16-க்கும் இடையில் உயரம், ரசனை, சேரும் கூட்டம் எல்லாமே மாறிவிடுகிறது. பொட்டலங்களின் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும், உள்ளே இருப்பது அவரவருக்கானதாக இருக்கட்டும். ஒருவனுக்கு சைக்கிள் போலப் பெரிதாக ஒன்று தேவைப்பட்டால், மற்றவனிடம் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. அண்ணன் ஓட்டி முடித்த சைக்கிள், போட்டு முடித்த சட்டை, மாற்றிவிட்ட போன், இவைதான் பெரும்பாலும் தம்பிக்கு வந்து சேர்கின்றன. ஆண்டில் இந்த ஒரு நாளாவது உறை பிரிக்காத புதுப் பொருள் அவன் கைக்கு வர வேண்டும்.

இருவருக்கும் சேர்த்து ஒரே பரிசு என்றால், இரண்டு பேர் இருந்தால்தான் பயன்படும் பொருளாகப் பாருங்கள். இரண்டு டேபிள் டென்னிஸ் மட்டை, 40 மில்லிமீட்டர் பந்துகள், சாப்பாட்டு மேசையிலும் மாட்டக்கூடிய வலை. அல்லது செஸ் பலகையும் கடிகாரமும். பேட்மிண்டன் என்றால் மட்டையில் 4யூ என்று எழுதியிருப்பது 80 முதல் 84 கிராம் எடை, இந்த வயதுக்குக் கை வலிக்காமல் ஆடலாம். ஸ்டிரிங்கை 20 முதல் 24 பவுண்டு வரை இழுத்துக் கட்டினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் நடுவில் சரியாகப் படாத அடிக்கு வேகமே இருக்காது, ஸ்டிரிங்கும் சீக்கிரம் அறும். மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டிய ஒரு டேப்லெட், ஒரு கேமரா என்று வாங்கினால் கூடவே சண்டையையும் வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

தனித்தனியாக வாங்கும்போது, பையன் ஏற்கெனவே எதில் ஊறிக் கிடக்கிறானோ அதில் என்ன குறைகிறது என்று கவனியுங்கள். கிட்டார் வாசிக்கிறவனுக்குப் புது ஸ்டிரிங், ஸ்டிரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ, சுருதி பார்க்கும் ட்யூனர் போதும். ஆனால் ஸ்டிரிங் வாங்கும் முன் அவன் கிட்டாரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். மெல்லிய மூன்று இழைகளும் பிளாஸ்டிக் போல இருந்தால் அது நைலான் கிட்டார். அதில் ஸ்டீல் ஸ்டிரிங் கட்டினால் இழுவை தாங்காமல், ஸ்டிரிங்கைக் கட்டும் பிரிட்ஜ் கிட்டார் முகப்பிலிருந்து பெயர்ந்து வந்துவிடலாம்.

கிரிக்கெட் மட்டை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'வளர்கிற பையன்தானே' என்று பெரியதாக வாங்காதீர்கள். கைப்பிடியில் மேலே இருக்கும் கையால் மட்டும் பிடித்து மட்டையைத் தூக்கி நேராக வீச முடியவில்லை என்றால் அது அவனுக்குக் கனம். இங்கிலிஷ் வில்லோ மரத்தில் செய்த மட்டை என்றால் பொட்டலத்தைப் பிரித்த மறுநாளே கடினப் பந்தில் ஆட முடியாது. ஒரு தேக்கரண்டி அளவு ஆளி விதை எண்ணெயை முகப்பிலும் ஓரங்களிலும் அடி நுனியிலும் மெல்லத் தடவி, ஒரு நாள் படுக்கை வாக்கில் வைக்க வேண்டும். கைப்பிடி சேரும் இடத்திலும் ஸ்டிக்கர் மேலும் எண்ணெய் படக் கூடாது. பிறகு மரச் சுத்தியலால் பத்துப் பதினைந்து நிமிடம் வீதம், மொத்தம் ஐந்தாறு மணி நேரம் தட்ட வேண்டும். முதலில் மெதுவாக, போகப் போக அழுத்தமாக. ஓரங்களைச் சாய்வாகத் தட்டுங்கள், அடி நுனியை நேராகத் தட்டாதீர்கள். தட்டத் தட்டத்தான் மேல்பரப்பு நார்கள் அமுங்கி இறுகும். இறுகாத மட்டையில் வேகப் பந்து ஓரத்தில் பட்டால் அங்கேயே விரிசல் விடும். எண்ணெய் கூடிப் போனாலும் கெடுதல்தான், மட்டை கனத்து, அடிக்கும்போது பந்தின் துள்ளல் போய்விடும். ஆகவே மட்டையோடு சுத்தியலையும் எண்ணெயையும் சேர்த்தே கொடுங்கள். டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடுகிறவனுக்கு இவ்வளவு செலவும் வேண்டாம், உழைப்பும் வேண்டாம்.

கேம் வாங்குகிறவர்கள் முதலில் அவனிடம் எந்தக் கருவி இருக்கிறது என்று பெயரோடும் மாடலோடும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 5-இன் டிஜிட்டல் பதிப்பிலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இலும் டிஸ்க் போடும் வாயே கிடையாது. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை வைத்து, பிளேஸ்டேஷன் 5-க்கென்றே வந்த கேம்களை ஆட முடியாது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் கேம்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டைதான் வேண்டும், பழைய வகை அட்டை ஆகாது. பிளேஸ்டேஷன் கிஃப்ட் கார்டு அவன் கணக்கு எந்த நாட்டில் தொடங்கப்பட்டதோ அந்த நாட்டுக்கானதாக இருக்க வேண்டும். உறையில் உள்ள வயதுக் குறியையும் பாருங்கள். 18 என்று போட்ட கேம் அண்ணனுக்கும் பொருந்தாது, ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கும் தம்பிக்கு அதைவிடப் பொருந்தாது.

எலக்ட்ரானிக்ஸ் ஆர்வம் உள்ள பையனுக்கு, கணினியில் நிரல் எழுதி இயக்கும் சிறிய சர்க்யூட் பலகையான ஆர்டுயினோ போர்டு நல்ல தேர்வு. ஆனால் போர்டை மட்டும் வாங்கிக் கொடுத்தால் அன்று மாலை அவனால் ஒரு விளக்கைக்கூட எரிய விட முடியாது. பற்றவைக்காமல் ஒயர்களைச் செருகும் பிரெட்போர்டு, இணைப்பு ஒயர்கள், சில எல்.இ.டி. விளக்குகள், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 220 ஓம் ரெசிஸ்டர்கள், கேபிள் எல்லாம் வேண்டும். ஊனோ என்ற மாடல் போர்டிலிருந்து வருவது 5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது சுமார் 2 வோல்ட். மீதி 3 வோல்ட்டை அந்த 220 ஓம் தாங்கிக்கொள்வதால் சுமார் 14 மில்லி ஆம்பியர்தான் ஓடும். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக இணைத்தால் எல்.இ.டி. கருகும், போர்டில் அது இணைந்த முனையும் பழுதாகலாம். ஊனோ ஆர்3 வகைக்கு, பிரிண்டரில் செருகுவது போன்ற சதுர முனை கேபிள் வேண்டும். வேறு சில போர்டுகளுக்குப் பழைய போன் கேபிளே பொருந்தும். ஆனால் சில கேபிள்களில் மின்சாரம் மட்டும்தான் போகும், டேட்டா போகாது. போர்டில் விளக்கு எரியும், கணினியோ அதைக் கண்டுகொள்ளாது. போர்டு பழுது என்று நினைத்துப் பையன் மூலையில் போட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒயர் உள்ள ஹெட்போன் வாங்கும் முன் போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள், பல புதிய போன்களில் இல்லை. ஒலி அளவும் முக்கியம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான் என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. சிறுவர்களுக்கு, அதே 40 மணி நேரத்துக்கு, அது வைத்திருக்கும் வரம்பு 75 டெசிபல். வெளிச் சத்தத்தை நன்றாக அடைக்கும் ஹெட்போன் என்றால் பையன் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையே குறையும். பவர் பேங்கில் 10,000 எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டில் அது 7,400, மாற்றும்போது ஏற்படும் இழப்பும் போக ஏறக்குறைய 6,000 முதல் 6,500 வரை கிடைக்கும். 5,000 எம்.ஏ.எச். போன் ஒரு முறை முழுதாகவும் இன்னும் கொஞ்சமும் ஏறும், இரண்டு முறை ஏறாது.

துணிக்கு வயதைப் பார்க்காதீர்கள். அவனுக்கு இப்போது சரியாக இருக்கும் சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து, அந்த அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ஷூவுக்குப் பாதத்தை மாலையில் காகிதத்தின் மேல் வைத்து வரைந்துகொள்ளுங்கள், நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று உப்பியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் போதும். இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும்.

நவம்பரிலேயே வாங்கிவிடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு வாங்கிய நாளிலிருந்து எண்ணப்பட்டால் 25-ஆம் தேதிக்குள் முடிந்துவிடலாம். மாற்றிக்கொள்ள வசதியாக, விலை போடாத ரசீதும் வாங்கி வையுங்கள். கேம் கருவியை முந்தின நாளே பிரித்து, சார்ஜ் ஏற்றி, அப்டேட் முடித்து, மறுபடி கட்டி வைப்பது நல்லது. பண்டிகைக் காலையில் உலகமே ஒரே நேரத்தில் இணையத்தில் ஏறும். 2014 டிசம்பர் 25 அன்று இணையத் தாக்குதலால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க், எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் கேம் சேவைகள் முடங்கியபோது, ஆன்லைனில் மட்டுமே ஆடக்கூடிய கேமைப் பரிசாகப் பெற்றவர்களால் ஆட முடியவில்லை. இணையம் இல்லாமலும் ஆடக்கூடிய ஒரு கேமை முந்தின நாளே ஏற்றி வையுங்கள். அட்டைப் பெட்டியின் ஓரத்தில் 'பேட்டரி சேர்க்கப்படவில்லை' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று இரண்டு பொட்டலத்தையும் கட்டும் முன் பார்த்து, வேண்டிய ஏஏ பேட்டரிகளை உள்ளேயே போட்டு ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்