பால்கனியிலும் பறவை பார்க்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேடந்தாங்கலில் சீசன் தொடங்கினாலும், பள்ளிக்கரணையில் பூநாரைகள் இறங்கினாலும் தவறாமல் படத்தோடு செய்தி போடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் அதைப் படிப்பவர்களுக்கு, பறவை பார்க்க காரும் பெரிய கேமராவும் வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நங்கநல்லூரில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது துணி காயப்போடும் பால்கனியில்.

கொடிக்கம்பியின் ஓரத்தில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டியது. விரல் நீளப் பறவை. சிலந்தி நூலைக் கொண்டுவந்து கம்பியில் சுற்றி, நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு என்று ஒவ்வொன்றாக அதில் ஒட்டியது. தெரியாதவர்கள் ஒட்டடை என்று துடைப்பத்தை எடுத்துவிடுவார்கள். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம் வேறு! அத்தனையும் பெண் சிட்டின் உழைப்பு. ஆண் மினுமினுவென்று பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. (என் வீட்டுக்காரர் இதைப் படிக்கட்டும்.)

அப்புறம் காது திறந்துகொண்டது. வெயில் ஏற ஏற ‘டுக்... டுக்...’ என்று விடாமல் கேட்கிறதே, அது செம்மார்புக் குக்குறுவான். பச்சை இலைக்குள் பச்சைப் பறவை, லேசில் அகப்படாது. காலையில் பட்ட கிளையின் உச்சியில் வெயில் காயும்போது பார்த்தால் நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு தெரியும். கூடு குடைவதும் பட்ட கிளையில்தான் என்பதால், எங்கள் வாசல் மரத்தில் ஆபத்தில்லாத ஒரு கிளையை வெட்டவிடாமல் சண்டை போட்டு வைத்திருக்கிறேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சல் போட்டால் பூனையோ வல்லூறோ வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

பைனாகுலரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி இலவசம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். சில சமயம் உளறும், கண்ணால் பார்த்துதான் நம்ப வேண்டும்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று, பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் பதிந்தாலே போதும். முடிந்தபிறகு செய்தி போடாமல் மார்கழியிலேயே அறிவிப்புப் போடுங்கள். அப்படியே, உள்ளூர்ப் பக்கத்தில் வாரம் ஒரு தெருப் பறவையைத் தமிழ்ப் பெயர், குரல், கூடு பற்றிய குறிப்போடு அறிமுகப்படுத்தலாம். முதல் வாரத்துக்குக் கரிச்சானைச் சிபாரிசு செய்கிறேன். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், கூட்டுப் பக்கம் வந்தால் காக்கையையே விரட்டியடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை.