தம்பி அனுப்பிய படத்துக்குப் பின்னால் ஒட்டிய காகிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ மெல்போர்னிலிருந்து அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கண்ணாடி கீறல்கூட விழாமல் வந்திருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாத குறையைத் தீர்க்க இவ்வளவு பெரிய படமா என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கிட்டே போய்ப் பார்த்து, "என்னடி இது, கஜா அடிச்ச தோப்பு மாதிரி இருக்கு?" என்றாள்.

தோப்புதான். சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர்கள் ஒட்டிய சீட்டில் படத்தின் அளவு, காகிதத்தின் தரம், 'இயற்கைக் காட்சி, கறுப்பு வெள்ளை' என்பது மட்டும் இருந்தது. எந்த ஊர், எந்த வருஷம், எடுத்தவர் யார், ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அது பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்துக்குக் கிழக்கே, ஹோகே என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஷாட்டோ காடு. நாள் 1917 அக்டோபர் 29. எடுத்தவர் ஃப்ராங்க் ஹர்லி. நடந்து வருகிறவர்கள் ஆஸ்திரேலிய 4ஆம் டிவிஷனின் பீரங்கிப் படைக்காரர்கள். முதல் உலகப் போரில் நடந்த மூன்றாம் ஈப்பர் சண்டை, பாசெண்டேல் என்று எல்லோரும் சொல்வது, ஜூலை 31இல் தொடங்கி நவம்பர் 10 வரை நடந்தது. அதில் ஆஸ்திரேலியர்கள் மட்டும் எட்டு வாரத்தில் செத்தும் காயப்பட்டும் சுமார் 38,000 பேர்.

அவர்கள் நடக்கும் அந்தப் பலகைப் பாதையைக் கவனி. அது களிமண் பூமி, தண்ணீர் சீக்கிரம் இறங்காது. தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டி, வடிகாலைப் பராமரித்து வந்ததால்தான் அங்கே பயிர் செய்ய முடிந்தது. குண்டுகள் அந்த வாய்க்கால்களைச் சின்னாபின்னமாக்கிவிட்டன. மேலே மழையும் விடாமல் பெய்தது. பள்ளமெல்லாம் குளமாயிற்று. பலகையிலிருந்து கால் வழுக்கினால் மனிதனும் குதிரையும் சேற்றில் மூழ்கிச் சாகிற நிலை. படத்தில் தண்ணீரில் தெரிகிற மரங்களின் நிழல் அத்தனை அழகாக இருக்கிறதே, அது குண்டு விழுந்த குழியில் நிற்கிற தண்ணீர். வடிகால் அடைத்தால் வயல் என்ன ஆகும் என்று உனக்கும் எனக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனாலோ என்னவோ, மொட்டை மரங்களைவிட அந்தத் தண்ணீர்தான் என்னை அதிகம் வாட்டுகிறது.

ஹர்லி சாதாரண ஆள் இல்லை. துருவப் பயணி ஷாக்கிள்டனோடு அண்டார்டிகா போய், பனியில் நசுங்கிய எண்டூரன்ஸ் கப்பலுக்குள் தேங்கியிருந்த குளிர் நீரில் இறங்கித் தன் கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டவர். 1917இல் ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் படக்காரராக வந்தபோது அவருக்கும் சார்லஸ் பீனுக்கும் பெரிய தகராறு. போரை ஒரே நெகட்டிவில் அடக்க முடியாது, பலவற்றைச் சேர்த்தால்தான் பார்க்கிறவர்களுக்கு உறைக்கும் என்பது ஹர்லியின் கட்சி. பீன் போர் நிருபர், கான்பராவில் போர் நினைவகம் அமையக் காரணமானவர். நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், சேர்த்து ஒட்டினால் அது பொய் என்றார். ஹர்லி ராஜினாமா செய்வேன் என்று மிரட்டி, சில ஒட்டுப் படங்களுக்கு மட்டும் அனுமதி வாங்கினார். நான் பீன் பக்கம்தான். ஆனால் செத்தவர்களை மறக்கக் கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. அந்தச் சீட்டை அச்சடித்தவர்கள் படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. இருந்தாலும் ஒட்டுப் படத்தைவிடப் பெரிய தவறு செய்திருக்கிறார்கள். ஊரையும் நாளையும் எடுத்துவிட்டால் அது வெறும் மூடுபனிக் காடு.

அந்த மண்ணில் இன்றும் உழும்போது வெடிக்காத குண்டுகள் வருகின்றன. ஈப்பரின் மெனின் வாசலில், உடல் கிடைக்காமலோ அடையாளம் தெரியாமலோ போன 54,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியப் படைக்காரர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. தினமும் இரவு எட்டு மணிக்கு அங்கே அஞ்சலிக்கு எக்காளம் ஊதுகிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதே, ஹாலில் மாட்டவில்லை. சாப்பிடுகிற இடத்துக்கு நேர் எதிரே அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் எழுத்து மேசைக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். பின்னால் ஒரு காகிதம் ஒட்டி, ஊர், நாள், எடுத்தவர் பெயர், வருகிறவர்கள் யார் என்று எழுதிவைத்தேன். போர் நினைவகத்தின் சேகரிப்பு எண்ணையும் சேர்த்தேன்: E01220.

உன்னோடு வேலை பார்க்கிறவர் கல்யாணத்துக்கும் இதே படத்தைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன் என்றாய். கல்யாண வீட்டுக்கு இது வேண்டாம், வேறு ஏதாவது வாங்கிக் கொடு. இல்லை, அவருக்குச் சரித்திரத்தில் ஈடுபாடு உண்டு, இதுதான் பிடிக்கும் என்றால் சரி, கொடு. ஆனால் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல். பின்னால் ஒட்ட வேண்டிய நாலு வரியை நல்ல கையெழுத்தில் எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா