ஒரேயொரு சில்லு

அன்பின் மச்சான்,

உன் மகளுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம், அவளிடம் சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, இப்போது கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

சரி, நீ கேட்ட விசயம். உங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் மின்வலையமைப்பை முழுதாகக் கணினியில் ஏற்றி ஓடவிட்டு வரைபடத்தோடு வருகிறார்கள், மீடிறன் (மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்ற அளவு) வளைவு ஏன் அப்படி விழுகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள், எப்படிப் புரியவைப்பது என்று எழுதிக் கேட்டிருந்தாய். இங்கேயும் அதுதான் கதை. அதனால் என் வகுப்பில் முதல் வாரம் கணினியைத் தொட விடுவதில்லை.

நாங்கள் பேராதனையில் படித்தது ஞாபகம் இருக்கா, ஒரு மின்பிறப்பாக்கி, எதிர்ப்பக்கம் எதற்கும் அசையாத முடிவிலி வலை. இந்தியாவுக்கு அது ஓரளவு பொருந்தும், 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் வழியாகத் தெற்கையும் இணைத்து முழு நாட்டையும் ஒரே மீடிறனில் ஓட்டுகிறார்கள். எங்கள் தீவுக்கு எந்த அயல்நாட்டோடும் இணைப்பு இல்லை, சாய்ந்துகொள்ள ஒரு தோள் இல்லை. ஆகவே நான் மறுபக்கமாகத் தொடங்குகிறேன்: நாட்டின் மின்நிலையங்களில் சுழலும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரேயொரு சில்லு, ஒரு பெரிய சக்கரம், என்று வைத்துக்கொள். அது சுற்றும் வேகம்தான் மீடிறன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி தாண்டி அம்மா சம்பலுக்கு மிக்ஸியைப் போட்டவர், சத்தம் அப்படியே அடங்கிப்போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதில் தொடங்கி முழு இலங்கையும் இருண்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் விழுந்ததால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வேறு. எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள், எனக்கு அது உண்மையில் மனவருத்தம். குரங்கு எந்த நாளும் வரும். அன்று விடுமுறை, தேவை குறைவு, நல்ல வெயில், கூரைச் சோலார் நிறைய, சோலாரில் சுழல்வது எதுவும் இல்லை. சுழலும் இரும்பு குறைவாக இருந்தது, அதைத்தான் பேசியிருக்க வேண்டும்.

கடதாசியில் போட்டுப் பார். சடத்துவ மாறிலி 4 செக்கன் என்றால், உற்பத்தி நின்றாலும் சில்லு தன் சுழற்சியிலிருந்தே 4 செக்கனுக்கு முழு வலுவைக் கொடுக்கக்கூடிய சக்தியை வைத்திருக்கிறது. மொத்த உற்பத்தியில் 20 வீதம் திடீரென்று போனால் 50 ஹேர்ட்ஸ் மீடிறன் செக்கனுக்கு 1.25 ஹேர்ட்ஸ் என்ற வேகத்தில் இறங்கத் தொடங்கும், 1 ஹேர்ட்ஸ் இறங்க 0.8 செக்கன். பாதி உற்பத்தி சோலாரில் வந்து மாறிலி 2 ஆகிவிட்டால் அதே இழப்புக்கு 0.4 செக்கன்தான். நீராவிச் சுழலியின் வேகத்தைச் சீராக்கும் கவர்னர் உருப்படியாக எதையும் செய்ய அதைவிடக் கூட நேரம் வேண்டும். இவ்வளவும் மூன்று வரிக் கணக்கு மச்சான்!

பழைய சைக்கிள் ஒன்றை வகுப்பில் தலைகீழாக நிறுத்தி வைத்திருக்கிறேன். பின்சில்லைச் சுற்றிவிட்டு விரலால் மெல்லத் தொடச் சொல்வேன், பிறகு டயரையும் டியூப்பையும் கழற்றிவிட்டு அதே வேகத்தில் சுற்றி, அதே அளவுக்குத் தொடச் சொல்வேன். வெறும் ரிம் பொசுக்கென்று நின்றுவிடும். அதைப் பார்த்தபிறகு ஒருவரும் சடத்துவம் என்றால் என்ன என்று கேட்டதில்லை.

ஆனால் இந்தச் சில்லு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது, அதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவை. அதில் மின்கம்பிகளே இல்லை, வோல்ற்றளவு இல்லை. அதே வருடம் ஏப்ரல் 28 ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோது நானும் முதலில் சடத்துவம்தான் என்று நினைத்தேன். விசாரித்தவர்கள் சொன்னதோ, வோல்ற்றளவு மிதமிஞ்சி ஏறி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன என்று. என் சில்லில் அதைப் பார்க்க இடமே இல்லை. அதற்கு முழு வலையமைப்பின் பெரிய கணினி மாதிரியுருதான் வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் ஓடவிட்டதில் ஒரு வரைபடத்தை அனுப்பு. முதல் அரைச் செக்கனின் சரிவு கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதுகிறேன். ஓகஸ்டில் வந்தால் வகுப்புக்கும் ஒரு நாள் வா, சைக்கிள் அங்கேதான் நிற்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்