காற்று மேலேதான் ஏறும், மாப்ளே

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து தங்கச்சி வீட்டுக்குள் நடக்கிறாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் கொண்டுபோய் விட வேண்டும்.

சரி, வேன் விஷயம். கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதே. கிளட்ச் பெடலை நாலைந்து தடவை வேகமாக மிதித்தால் கியர் விழுகிறது, கொஞ்சம் விட்டால் மறுபடி கரகர என்கிறது என்று எழுதியிருக்கிறாய். கோளாறு கிளட்ச் பிளேட்டிலோ, கிளட்சை விலக்கும் ஃபோர்க்கிலோ இருந்தால் எத்தனை மிதித்தாலும் அப்படியேதான் இருக்கும். இது ஆயில் பக்கத்துக் கோளாறு. பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைக் குழாய் வழியே தள்ளும், கீழே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் கிளட்சை விலக்கும். ஒன்று உள்ளே காற்று நிற்கிறது, இல்லை மாஸ்டரின் ரப்பர் கப் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. மாஸ்டர் புதிது என்பதால் முதலில் காற்றைப் பார்ப்போம்.

ஆனால் ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் தொடுவதற்கு முன்னால் பெடலுக்கு அடியில் தலையை விட்டுப் பார். மாஸ்டருக்குள் போகும் புஷ் ராடில் துளி ஆட்டம் இருக்கிறதா? புது மாஸ்டர் போட்டவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆட்டமே இல்லையென்றால் காலை எடுத்த பிறகும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராது. டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் சின்னத் துளை மூடியபடியே இருக்கும். ஆயிலும் இறங்காது, காற்றும் ஏறாது. எவ்வளவு நேரம் ஏர் எடுத்தாலும் வீண்தான். லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் வை. என் சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம் ஏர் எடுக்கும் முறை. கிளட்சில் ஒரு மிதிக்கு நகரும் ஆயில் கொஞ்சம்தான். குழாய் எங்காவது மேலே ஏறி வளைந்தால், அங்கே தங்கும் குமிழி மிதிக்கும்போது சற்று இறங்கி, அடுத்த மிதிக்குள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அதனால் கீழிருந்து அனுப்பு. பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, ட்யூபில் காற்றில்லாமல் பார்த்து, ஸ்லேவ் நிப்பிளில் மாட்டி மெதுவாக அழுத்து. குமிழிகள் டப்பாவில் வந்து வெடிக்கும். டப்பாவில் முதலிலேயே பாதி ஆயிலை எடுத்துவிடு. வழிந்தால் பெயின்ட் போய்விடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

ஸ்லேவில் நிப்பிள்தான் உச்சியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்லேவைக் கழற்றி, நிப்பிளை மேலே பார்த்துப் பிடித்து, பிஸ்டனைக் கையால் முழுக்க உள்ளே தள்ளு. அந்த நேரம் யாரையும் பெடலைத் தொட விடாதே, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

இதற்கும் சரிவராவிட்டால் ரப்பர் ஓஸை, வெட்டுப்படாத மாதிரி, கிளாம்ப் போட்டு இறுக்கி மிதித்துப் பார். பெடல் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் நல்லது, கோளாறு ஓஸிலோ ஸ்லேவிலோ. அப்போதும் இறங்கினால் மாஸ்டர் பக்கம்தான், புதிது என்று விட்டுவிடாதே.

ஆயில் மட்டும் டப்பா மூடியில் எழுதியிருப்பதையே வாங்கு. போன வருஷம் திறந்த டின் வேண்டாம். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடலாம்.

ஓசூர் போய் வந்ததும் நேரில் வருகிறேன். அதற்குள் புஷ் ராடில் ஆட்டம் இருந்ததா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்