பையனைப் பட்டறைக்கு அனுப்பலாமான்னு கேட்ட மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளைக்கு,

அன்னைக்கு நீ போன் பண்ணினப்ப சரியாப் பேசாம வெச்சுட்டேன். கோவிச்சுக்காதே. கையில ஸ்ப்ரே கன் இருந்துச்சு. ஹார்டனர் ஊத்தின பெயிண்ட் யாருக்காகவும் காத்திருக்காது, கப்புலயே இறுகிப் போயிரும். ராத்திரி கூப்பிடலாம்னு நெனச்சேன். போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும்னுதான் எழுதறேன்.

வீட்டுல எல்லாரும் சுகம். பெரியவ பிரசவத்துக்கு வந்திருக்கா, ஆடிக்குள்ள ஆயிரும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் இருமல் விடமாட்டேங்குது. அதைக் கடைசில சொல்றேன்.

பையன் பிளஸ் டூ முடிச்சுட்டு, காலேஜ் வேண்டாம், டிங்கரிங், அதான் நசுங்குன கார் தகட்டைத் தட்டிச் சரிபண்ற வேலை, கத்துக்கறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறான்னு சொன்னே. "நாமதான் அழுக்குல கெடந்தோம், அவனுமா?"ன்னும் கேட்டே. நீ ரெண்டே வருஷத்துல கரூரை விட்டுத் திருப்பூர் போயிட்டே. நீ பார்த்தது பஸ் பாடி கட்டற வேலை. வெறும் சேஸிஸா வரும், ஃப்ரேம் ஏத்தி, தகடு வெச்சு, ரிவெட் அடிச்சு அனுப்புவோம். அது புதுசாக் கட்டறது. அடிபட்ட காரைப் பழையபடி ஆக்கறது வேற தொழில் மாப்ள. கோயம்புத்தூர் வந்தப்புறம்தான் எனக்கே அது தெரிஞ்சது.

இங்க வந்தப்ப என் மேஸ்திரி ஆறு மாசம் சுத்தியலைக் கையில தரல. கதவு மேல ஒரு மெல்லிசு பனியன் துணியை விரிச்சு, உள்ளங்கையை முழுசாப் படிய வெச்சு, கண்ணை மூடிட்டு நீளவாக்குல தடவச் சொல்லுவார். அழுத்தக் கூடாது. முதல் மாசம் எனக்கு ஒண்ணுமே தட்டுப்படல, தகடுதான் இருந்துச்சு. மூணாவது மாசம் ஒரு நாள், கைப்பிடிக்குக் கீழ விரல் லேசா எறங்கி ஏறுன மாதிரி இருந்துச்சு. கண்ணைத் தொறந்து பார்த்தா ஒண்ணுமில்ல. அவர் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூசி மாதிரி தூவி, கட்டையில வாட்டர் பேப்பர் சுத்தி நாலு இழுப்பு இழுத்தார். எல்லா எடத்துலயும் கறுப்பு போயிருச்சு, நான் காட்டுன எடத்துல மட்டும் ஒரு ரூபா அளவுக்கு நின்னுச்சு. பள்ளம் அங்கதான். அன்னைக்கு டீக்காசு அவர் கொடுத்தார்!

அப்புறம் சுத்தியல் கைக்கு வந்ததும் நான் சொதப்புனது வேற கதை. அம்பாசடர் தகடு கெட்டி, நாலு அடி கூட விழுந்தாலும் பொறுத்துக்கும். மாருதி 800 பானட் அப்படி இல்ல. டாலின்னு ஒரு இரும்புக் கட்டியை அடியில கொடுத்து மேல தட்டத் தட்டத் தகடு நீண்டு போச்சு. அழுத்துனா 'டொக்'னு உள்ள போகும், விட்டா வெளிய வரும். அதைக் கேஸ்ல காசளவு சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணியால ஒத்தி ஒத்திச் சுருக்க ஒரு நாள் முழுக்க ஆச்சு.

இப்ப வர்ற வண்டியில அந்த வைத்தியத்தை எங்க வேணா செய்ய முடியாது. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல இருக்கற தூண் மாதிரி எடத்துல ரொம்பக் கடினமான ஸ்டீல் போடறான். அதைக் காய்ச்சினா பலம் போயிரும். வெளிய பார்க்க அழகா இருக்கும், அடுத்த விபத்துல உள்ள இருக்கறவங்களைக் காப்பாத்தாது. சில வண்டியில பம்பருக்குப் பின்னால ரேடார் இருக்கு. அதுக்கு முன்னால, பள்ளத்தை நிரப்பற பட்டியைத் தடியாப் பூசினா அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வெல்டிங் வெக்கறதுக்கு முன்னால பேட்டரி வயரைக் கழட்டணும், இல்லன்னா கம்ப்யூட்டர் போயிரும். என்னை மாதிரி கைப்பழக்கத்துல வந்தவங்க தடுமாறுறது இங்கதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரிப்பேர் புத்தகம், எல்லாம் இங்கிலீஷ்ல. உன் பையன் படிப்பான், எனக்கு எழுத்துக்கூட்டவே நேரம் போகுது.

அதனால அவனை நேரா என் பட்டறையில சேர்த்துக்க மாட்டேன். ஐ.டி.ஐ.யில ஆட்டோ பாடி ரிப்பேர்னு ஒரு வருஷப் படிப்பு இருக்கு, பாடி பெயிண்டிங் தனியா ஒரு வருஷம். பத்தாவது போதும். எல்லா ஐ.டி.ஐ.யிலயும் கிடையாது, விசாரிச்சுச் சேரு. அவன் கவர்மெண்ட் ஸ்கூல்தானே படிச்சான்? தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா ஐ.டி.ஐ. பையங்களுக்கும் உண்டு, அதையும் கேளு. லீவு நாள்ல என்கிட்ட வரட்டும். கை இங்க பழகட்டும், காரணம் அங்க தெரியட்டும். முதல்ல பட்டி தேய்க்கத்தான் விடுவேன், அழுதாலும் சரி.

இன்சூரன்ஸ் எஸ்டிமேட் போடவும் கத்துக்கணும். பாகம் பழசானதுக்குன்னு இன்சூரன்ஸ்காரன் தேய்மானம் கழிப்பான். கண்ணாடிக்கு அது கிடையாது, ஃபைபருக்கு 30 சதம், பிளாஸ்டிக்குக்கு 50 சதம் கழிப்பான். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுக்காதவன் பில்லைப் பார்த்துட்டு நம்மளைத்தான் திருடன்னு நெனைப்பான்.

பெயிண்டிங்ல ஒரு அவமானம் சொல்லட்டுமா? சில்வர் இண்டிகாவுக்கு ஒரு கதவு மட்டும் அடிச்சேன். செட்டுக்குள்ள கலர் அச்சு அசலா இருந்துச்சு. வெயில்ல எறக்கினா அந்தக் கதவு மட்டும் வேற வண்டிலருந்து கழட்டி மாட்டுன மாதிரி கறுத்துக் கெடக்கு. கன்னைக் கிட்டக்க பிடிச்சு ஈரமா அடிச்சுட்டேன், அலுமினியத் துகளெல்லாம் அடியில போய்ப் படுத்துக்கிச்சு. ஓனர் ஒரு வார்த்தை பேசல, சுத்திச் சுத்தி வந்து பார்த்தார். பக்கத்துக் கதவையும் ஃபெண்டரையும் சேர்த்து நெழலாட்டம் கலர் கலந்து, என் காசுல திரும்ப அடிச்சுக் கொடுத்தேன்.

இருமலுக்கு வர்றேன். பெயிண்ட் ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, மூச்சுக்குழாயைப் பழிவாங்கும். இருபது வருஷம் மூஞ்சில துண்டைக் கட்டிட்டு அடிச்சேன். துண்டு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இப்ப டாக்டர் ஆஸ்துமாங்கறார், இன்ஹேலர் சட்டைப்பையில இருக்கு. காத்துக்குழாய் வெச்ச மாஸ்க் வாங்கிட்டேன், பையன் அது இல்லாம கன்னைத் தொட்டா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன். இதை உன் சம்சாரத்துகிட்ட மறைக்காமச் சொல்லிரு, அப்புறம் அவங்களே முடிவு பண்ணட்டும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிட்டு வா. வரும்போது உங்க கம்பெனி பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை கொண்டு வா, சாயம் போகாத வெள்ளையாப் பார்த்து. போன தடவை நீ கொடுத்ததுல செவப்பு கலந்திருந்து, தின்னர் பட்டதும் ஒரு வெள்ளை ஸ்விஃப்டே ரோஸ் ஆயிருச்சு.

இப்படிக்கு,
உன் பழைய ரிவெட் பார்ட்னர்