கட்டடத்தின் கார்பன் கணக்கை யார் முதலில் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீடு-மனை இணைப்பில் பசுமைக் கட்டடங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மொட்டைமாடி சோலார் பேனல், எல்இடி விளக்கு, மழைநீர் சேகரிப்பு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஏசி என்று எழுதியிருந்த எல்லாமே தேவையானவை. ஆனால் அவை அத்தனையும் கட்டடத்தில் ஆட்கள் குடிவந்த பிறகு பலன் தருபவை. நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பில்லர் எங்கே நிற்க வேண்டும், பீம் எவ்வளவு ஆழம், ஸ்லாபுக்கு எவ்வளவு கம்பி என்று கணக்குப் போடுவது என் வேலை. புதுக் கட்டடம் ஒன்று காற்றில் சேர்க்கும் கார்பனில் பெரிய பங்கு, கிரகப்பிரவேசத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் அறிவோம். அதைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

உலகில் 2021ல் எரிசக்தியாலும் தொழிற்சாலை வினைகளாலும் வெளியான கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 37 சதவீதம் கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சேர்ந்தது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. விளக்கு, ஏசி, வெப்பமூட்டி போன்றவற்றுக்குச் செலவாகும் எரிசக்தி அதில் பெரும்பகுதி. மீதி சிமென்ட், இரும்பு, அலுமினியம், கண்ணாடி ஆகியவற்றைச் செய்வதில் வருவது. மின்சாரம் நாளுக்கு நாள் சுத்தமாகிக்கொண்டு வருவதால் முதல் பங்கு தானாகவே கொஞ்சம் குறையும். இரண்டாவது பங்கு அப்படிக் குறையாது. 2060க்குள் உலகின் கட்டடத் தளப்பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்ற கணிப்பையும் சேர்த்துப் பார்த்தால், இன்று போடும் டிராயிங் ஒவ்வொன்றும் முக்கியம்.

சிமென்டின் சிக்கல் அதன் வேதியியலிலேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித்தான் க்ளிங்கர் செய்கிறார்கள்; அதை அரைத்தால்தான் சிமென்ட். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ என்றால் அதிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகும். சூளைக்கு நிலக்கரியே வேண்டாம், சூரிய மின்சாரத்திலேயே சூடாக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த 44 கிலோ வந்தே தீரும், ஏனென்றால் அது கல்லுக்குள்ளேயே இருப்பது. உலக கார்பன் வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் வரை சிமென்டால் மட்டுமே வருகிறது. ஆகவே சிமென்டை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறோம் என்பதோடு, எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்றும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சிமென்ட் ஆலையில் இல்லை, முதல் டிராயிங்கில் இருக்கிறது. மாடிக் கட்டடங்களில் கான்கிரீட்டின் பெரும்பகுதி ஸ்லாபுகளுக்கும் அஸ்திவாரத்துக்கும்தான் போகிறது. ஸ்லாபின் தடிமனை முடிவு செய்வது பில்லர்களுக்கு இடையே உள்ள தூரம். அந்தத் தூரத்தை 6 மீட்டரிலிருந்து 9 மீட்டராக்கினால், அதே தடிமனுள்ள ஸ்லாப் அதே பாரத்துக்கு 5 மடங்கு தொய்யும். அந்தத் தொய்வை அடக்க ஸ்லாபைத் தடிமனாக்க வேண்டும். ஸ்லாபின் சொந்த எடை கூடும், பீம் பெருக்கும், பில்லர் பெருக்கும், கடைசியில் அஸ்திவாரமும் பெருக்கும். 9 மீட்டர் உண்மையிலேயே தேவைப்படும் கட்டடங்கள் உண்டு. நடுவில் பில்லர் நிற்கும் மண்டபத்தில் யாரும் உட்கார விரும்ப மாட்டார்கள். ஆனால் மூன்று படுக்கையறை வீட்டுக்குள் சுவருக்குள்ளேயே மறைந்துவிடக்கூடிய ஒரு பில்லரை "ஓப்பனாக இருக்கட்டும்" என்ற ஒரே காரணத்துக்காக எடுத்துவிடச் சொல்லும்போது, அதற்கு என்ன விலை என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

அடுக்குமாடித் திட்டம் ஒன்றில், பார்க்கிங்கில் இன்னும் சில கார்கள் நிற்க வேண்டும் என்று கீழ்த்தளப் பில்லர்களை நகர்த்தச் சொன்னார்கள். மேலே வீடுகளின் பில்லர்கள் பழைய இடத்திலேயே இருந்தன. அப்படிச் செய்தால் மேலிருந்து வரும் பாரம் முழுவதும் பீமின் நட்ட நடுவில் வந்து இறங்கும். அதைத் தாங்க ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கம்பி நெருக்கிய பீம்கள் வேண்டும். அதற்கான கூடுதல் கான்கிரீட், கம்பி, அதன் கார்பன், செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் வைத்தேன். ஆர்க்கிடெக்ட் அதைப் பார்த்துவிட்டு மேல்தளத்தில் படுக்கையறைச் சுவர்களைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். பில்லர்கள் உச்சியிலிருந்து அஸ்திவாரம் வரை நேராக இறங்கின, கார்களுக்கும் இடம் கிடைத்தது. புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. கணக்கு உரிய நேரத்தில் மேசைக்கு வந்தது, அவ்வளவுதான். அதே கணக்கு இரண்டு மாதம் கழித்து, வீடுகளின் பிளான் விளம்பரத்தில் வந்த பிறகு வந்திருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

எங்கள் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23 கட்டடங்களில் 10,000க்கும் மேற்பட்ட இரும்பு பீம்களின் கணக்கைச் சரிபார்த்தார்கள். விதிமுறை கேட்கும் பாதுகாப்பு அளவையெல்லாம் சேர்த்த பிறகும், சராசரியாக அந்த பீம்களின் தாங்கும் திறனில் பாதிகூடப் பயன்படவில்லை. பாதுகாப்புக்காகச் சேர்த்த இரும்பு இல்லை இது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பீம் போட்டால் வேலை சுலபம், டிராயிங்கைத் திருத்த நேரம் இல்லை என்பதால் சேர்ந்த இரும்பு. இன்ஜினியருக்கு நேரம் கொடுத்தால் இதைக் குறைக்கலாம். ஆனால் பல இடங்களில் எங்கள் கட்டணமே கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் பேசப்படுகிறது. கூடுதலாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பொருளை மிச்சப்படுத்தும் இன்ஜினியருக்குச் சம்பளம் குறையும். இந்த முறையை மாற்றும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. எங்களை வேலைக்கு அமர்த்துபவர்களிடம் இருக்கிறது.

கான்கிரீட் குறைந்தால் கட்டடம் நிற்குமா என்ற பயம் நியாயமானது. விதிமுறை கேட்கும் பாதுகாப்பில் ஒரு துளிகூடக் குறைக்கச் சொல்லவில்லை. நிலநடுக்கத்துக்கும் காற்றுக்கும் தேவையான கம்பி அப்படியே இருக்க வேண்டும். நேராக இறங்கும் பில்லர், ஒழுங்கான பிளான், குறைந்த எடை ஆகிய மூன்றும் நிலநடுக்கத்தின்போது கட்டடத்துக்கு நன்மையே செய்கின்றன.

அடுத்து, கலவை. இரும்பாலைக் கசடையோ அனல் மின் நிலையச் சாம்பலையோ சேர்த்து க்ளிங்கரைக் குறைக்கலாம் என்பது பழைய செய்தி. அதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் ஒரே வரி: கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் சோதிக்க வேண்டும் என்று எங்கள் டிராயிங்கில் வழக்கமாக எழுதும் வரி. கசடு அதிகம் உள்ள கலவை மெதுவாகத்தான் இறுகும், ஆனால் பிறகு நன்றாகவே வலுப்பெறும். அஸ்திவாரத்துக்கு முழு பாரம் வர எத்தனையோ மாதங்கள் ஆகும், அங்கே 56ஆம் நாள் வலிமையை வைத்துக்கொள்வதில் என்ன தடை? ஸ்லாபுக்கு அப்படிச் செய்ய முடியாது, சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரித்து அடுத்த மாடிக்கு எடுத்துப் போயாக வேண்டும். எனவே இடத்துக்குத் தகுந்த கலவை. க்யூரிங், அதாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருப்பது, மட்டும் ஒழுங்காக நடக்க வேண்டும், இத்தகைய கலவை தண்ணீர் காட்டாத மேஸ்திரியை மன்னிக்காது. சரி, நிலக்கரி நிலையங்கள் மூடப்பட்டால் சாம்பல் எங்கே கிடைக்கும்? அதற்கும் வழி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரப் பேராசிரியர் கேரன் ஸ்க்ரீவனரும், கியூபா மற்றும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய எல்சி3 சிமென்டில் க்ளிங்கர் பாதிதான். மீதிக்குச் சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும், கொஞ்சம் ஜிப்சமும். களிமண்ணைச் சுட 800 டிகிரி அளவு போதும், சுண்ணாம்புக்கல்லைச் சுடவே வேண்டாம். கார்பன் 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது.

சில நாடுகள் கட்டடத்தின் கார்பன் கணக்கைச் சட்டமாக்கிவிட்டன. பிரான்ஸ் 2022லிருந்து புது வீடுகளுக்குக் கட்டுமானக் கார்பனையும் கணக்கில் எடுக்கிறது. டென்மார்க் 2023ல், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ என்று வரம்பு வைத்தது. கட்டும்போது வருவதையும் 50 ஆண்டு பயன்பாட்டில் வருவதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டச் சொல்பவர் முதல் கூட்டத்திலேயே "ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கார்பன்?" என்று கேட்டால் நாங்கள் சொல்லியாக வேண்டும். பொருள்களின் அளவு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பெருக்கிக் கூட்டுவது ஒரு நாள் வேலை. கடன் தரும் வங்கியும் இதே எண்ணைக் கேட்டால் இந்தத் துறை மிக விரைவில் திரும்பிவிடும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் குறைந்த கார்பன் தருவது ஏற்கெனவே நிற்கும் கட்டடம். கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருதை 2021ல் பெற்ற பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட்கள் லகாதோன், வஸ்ஸால் இருவரும் பிரான்சின் போர்தோ நகரில் 530 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடிகளை இடிக்காமல் வெளிப்பக்கம் விரிவுபடுத்திக் கொடுத்தார்கள். வேலை நடக்கும்போது குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யக்கூட இல்லை. சிட்னியில் 1976ல் கட்டிய ஓர் அலுவலகக் கோபுரத்தின் பில்லர், பீம், ஸ்லாபில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய கோபுரத்தை 2022ல் திறந்தார்கள்.

இடித்துவிடலாம் என்று முடிவாகிவிட்ட ஒரு பழைய அலுவலகத்தைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். பில்லரில் சிறு துளை போட்டு பினாப்தலீன் கரைசலைத் தெளித்தோம். நல்ல கான்கிரீட் என்றால் அது இளஞ்சிவப்பாக மாறும். கார்பன் டை ஆக்சைடு ஊறிக் காரத்தன்மை போன இடம் நிறம் மாறாது. அங்கே கம்பிகளைச் சுற்றிப் பெரும்பாலும் சிவந்தது. ஓரிரு இடங்களில்தான் கம்பி துருப்பிடித்திருந்தது. அந்தப் பில்லர்களுக்கு மட்டும் ஜாக்கெட் போட்டு, அதாவது சுற்றிலும் புதிதாக ஓர் உறை கட்டி வலுப்படுத்தி, அதே கட்டடத்தை இன்று பயன்படுத்துகிறார்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு இடிக்கும் செலவில் ஒரு சிறு துண்டுதான். பழைய கட்டடம் வைத்திருக்கும் வாசகர்கள் இடிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள், அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்