டைம் ஆபீஸ்காரர்களுக்கு: ஷிப்ட் சார்ட்டில் ஏ, பி, சி வேண்டாம், மணியைப் போடுங்கள்

சிமென்ட், காகிதம், ரசாயனம், மின் உற்பத்தி என்று இரவு பகல் நிற்காமல் ஓடும் ஆலைகளில் ஷிப்ட் பட்டியல் போடும் டைம் ஆபீஸ், மனிதவளப் பிரிவு நண்பர்களுக்கு வணக்கம்.

சார்ட் முன்னால் வந்து நிற்பவருக்கு ஒரே கேள்விதான்: நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? அதற்கு அரை நிமிடத்தில் பதில் கிடைக்கவில்லை என்றால், கோளாறு சார்ட்டில்தான்.

முதல் குழப்பம் எழுத்தில். குழுக்களுக்கும் ஏ, பி, சி, டி; ஷிப்டுக்கும் ஏ, பி, சி. "பி குழுவுக்கு ஏ, சி குழுவுக்கு பி" என்று படித்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? எழுத்தைக் குழுவுக்கே விட்டுவிடுங்கள். ஷிப்ட் கட்டத்தில் தொடங்கும் மணியை எழுதுங்கள்: 6, 2, 10. ஆட்கள் பேசுவதே "ரெண்டு மணி ஷிப்ட்", "பத்து மணி ஷிப்ட்" என்றுதான். தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கும் எண் புரியும். ஓய்வு நாளைக் காலியாக விடாதீர்கள். எழுத மறந்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வரும். அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போதும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது இரவு ஷிப்டின் தேதி. 14ஆம் தேதி இரவு 10 மணிக்குத் தொடங்கி 15 காலை 6 மணிக்கு முடிவது எந்தத் தேதியின் ஷிப்ட்? பாதிக்கு மேல் நேரம் 15-இல் விழுவதால் 15 என்று போடுகிறவர்களும் உண்டு. வருகிறவர் ஒரு நாள் தள்ளி வருவார். சார்ட் 14 என்றும், வருகையைப் பதியும் பஞ்ச் மென்பொருள் 15 என்றும் எடுத்துக்கொண்டால், முழு ராத்திரி உழைத்தவருக்கு ஆப்சென்ட் விழும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 57ஆம் பிரிவிலேயே இதற்குக் கணக்குச் சொன்னது: நள்ளிரவுக்குப் பின் பார்த்த நேரமும் முந்தைய நாளின் வேலையே, விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம். ஆகவே கிளம்பி வரும் தேதியில் 10 என்று போட்டு, சார்ட்டின் அடியில் ஒரு வரி அச்சிடுங்கள்: "10 என்றால் அந்தத் தேதி இரவு வர வேண்டும், மறுநாள் காலை 6 மணிக்கு முடியும்." மென்பொருளிலும் இதே விதி இருக்கட்டும்.

அடுத்து சுழற்சி. வாரத்தின் 168 மணி நேரத்தை மூன்று குழுக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 56. சட்டம் அனுமதிக்கும் 48 அங்கேயே தாண்டிவிடுகிறது. நான்கு குழு என்றால் 42. எங்கள் பரிந்துரை எட்டு நாள் சுற்று: 6, 6, 2, 2, 10, 10, ஓய்வு, ஓய்வு. முதல் நாள் ஏ குழு முதல் 6-இல், பி முதல் 2-இல், சி முதல் 10-இல், டி முதல் ஓய்வில் தொடங்கும். தொடர்ச்சியாக ஆறு ஷிப்டுக்கு மேல் வராததால் எந்த வாரமும் 48 மணியைத் தாண்டாது. இரவும் இரண்டோடு நிற்கும். வாரம் முழுக்க நைட் பார்த்துவிட்டு மே மாத வெயிலில் பகலில் தூங்க முயல்கிறவருக்கு அதன் அருமை தெரியும்.

10, 2, 6 என்று பின்னோக்கி மட்டும் சுற்ற விடாதீர்கள். காலை 6 மணிக்கு நைட் முடித்தவர் அன்றே மதியம் 2 மணிக்கு வர வேண்டியிருக்கும். நடுவில் எட்டு மணி நேரம். அதற்குள்தான் பஸ், குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம். முன்னோக்கிச் சுற்றினால் ஷிப்ட் மாறும்போது 24 மணி நேரம் கிடைக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு: ஓய்வு நாள் கிழமை மாறிக்கொண்டே போகும். எட்டு நாள் சுற்று மறுபடி அதே கிழமையில் தொடங்க 56 நாள் ஆகும். அதில் ஒருவருக்கு இரண்டே ஞாயிறுதான் ஓய்வு. அதனால்தான் மாதச் சார்ட் போதாது, 56 நாளையும் முன்கூட்டியே ஒட்டுங்கள் என்கிறோம். முகூர்த்த நாளில் யாரிடம் ஷிப்ட் மாற்றிக்கொள்வது என்று அப்போதே பேசி வைத்துக்கொள்வார்கள்.

சுவர்ச் சார்ட்டில் பெயர்களே வேண்டாம். 120 பெயர், 31 நாள் என்று கட்டம் போட்டால் கண் வரிசை தவறும். நான்கு வரிசை, மேலே தேதி, ஞாயிற்றுக்கு முன் தடித்த கோடு, ஏ3 தாள். யார் எந்தக் குழு என்பது தனித் தாளில். நிறத்தை நம்பாதீர்கள். ஜெராக்ஸில் நிறம் போய்விடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். இரவுக் கட்டத்தைக் கறுப்பாக்கி எண்ணை வெள்ளையில் விட்டால் நகலிலும் நிற்கும்.

ஒட்டும் முன் சரிபார்க்க, எக்செல் வித்தை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு தேதிக்கும் கீழே 6, 2, 10, ஓய்வு நான்கும் ஒரே ஒரு முறை வர வேண்டும். பிழை பெரும்பாலும் ஒரு சார்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் புகும். எனவே முந்தைய சார்ட்டின் கடைசி மூன்று நாளைப் புதியதன் இடது ஓரத்தில் அச்சிட்டு, வரிசையைத் தொடர்ந்து படித்துப் பாருங்கள்.

மாற்று ஷிப்ட் கேட்டு வந்தால் பேனாவால் அடித்து எழுதாதீர்கள். கீழே தனிக் கட்டத்தில் தேதி, இரு பெயர், புது மணி என்று பதியுங்கள். இந்தச் சுற்றில் இரண்டு ஷிப்டுக்கு நடுவே குறைந்தது 16 மணி நேரம் தானாகவே இருக்கும். மாற்றத்தால் அது குறைந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பழைய படம் மாதக்கணக்கில் சுற்றும் என்பதால், சார்ட்டின் தலையிலேயே பதிப்பு எண்ணும் வெளியிட்ட தேதியும் பெரிதாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஷிப்ட் பட்டியல் போடும் சிலர்